குடற்புழு மருந்து கொடுத்தும் முயல் குட்டிகள் கழிந்து சாவது ஏன்?

கேள்வி: தாயிடமிருந்து பிரித்த முயல் குட்டிகள் ஆறு, ஏழு வாரத்தில் வயிறு உப்பி, கழிந்து, ஒவ்வொன்றாகச் சாகின்றன. குடற்புழு மருந்து இரண்டு முறை கொடுத்தும் பலன் இல்லை. தாய் முயல்களுக்கு ஒன்றும் இல்லை. என்ன செய்வது?

பதில்: நீங்கள் சொல்லும் வயதும் அறிகுறியும் காக்சிடியா நோயைத்தான் முதலில் சந்தேகப்பட வைக்கின்றன. காக்சிடியா புழு அல்ல. ஐமீரியா என்ற ஓரணு ஒட்டுண்ணி குடல் சுவரின் செல்களுக்குள் புகுந்து பெருகி அவற்றை உடைக்கிறது. அல்பெண்டசோல் போன்ற புழு மருந்துகளை எத்தனை முறை கொடுத்தாலும் இதற்குப் பலன் கிடைக்காது.

தாய் முயல்கள் நன்றாக இருப்பதை வைத்து அவற்றிடம் நோய் இல்லை என்று எண்ண வேண்டாம். வளர்ந்த முயலுக்கு எதிர்ப்பு சக்தி வந்துவிடும். ஆனால் கிருமி அதன் புழுக்கையோடு வெளியேறிக்கொண்டே இருக்கும். பால் மறந்து தீவனத்துக்கு மாறும் குட்டிதான் மாட்டிக்கொள்கிறது.

புதிதாகக் கழித்த புழுக்கையில் உள்ள இந்த ஒட்டுண்ணியின் வித்து (முட்டை போன்ற நிலை) உடனே நோயைத் தராது. ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் ஓரிரு நாளில் முதிர்ந்து, அதன் பிறகுதான் தொற்றும். அதனால் புழுக்கையைத் தினமும் அகற்றினாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. கூண்டின் அடித்தளம் புழுக்கை கீழே விழும்படி கம்பி வலையாக இருக்கட்டும். புல்லைத் தரையில் போடாமல் உயரத்தில் கட்டுங்கள். தண்ணீரை நிப்பிளில் கொடுங்கள். குட்டி ஈனும் பெட்டியைக் காயவைக்காமல் திரும்பப் பயன்படுத்தவே கூடாது. சாதாரண கிருமிநாசினிகள் இந்த வித்தை அழிப்பதில்லை. கொதிநீர் ஊற்றுங்கள், அல்லது தீச்சுவாலை காட்டுங்கள். பிறகு நன்றாக உலர்த்துங்கள்.

சரி, இப்போது நோயில் இருப்பவற்றைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். அடர்தீவனத்தைக் குறைத்து, உலர்ந்த புல்லும் சுத்தமான தண்ணீரும் தாராளமாகக் கொடுங்கள். புழுக்கையையும், முடிந்தால் இறந்த குட்டி ஒன்றையும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பாக்டீரியாவாலும் இதே மாதிரி கழிச்சல் வரும் என்பதால் பரிசோதனை அவசியம். கல்லீரலில் வெள்ளை முடிச்சுகள் தெரிந்தால் அது கல்லீரலைத் தாக்கும் வகை. ஒன்று கவனியுங்கள்: நோயின் தொடக்கத்தில் வித்து வெளிவராமல் இருக்கலாம். ஒரே பரிசோதனையில் இல்லை என்று வந்தால் அத்தோடு விட்டுவிடாதீர்கள்.

காக்சிடியா என்று உறுதியானால் டோல்ட்ராசூரில் அல்லது சல்ஃபா வகை மருந்தை, எடை பார்த்து மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்கலாம். இறைச்சிக்கு விற்குமுன் எத்தனை நாள் விடவேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கழிச்சல் நிற்கட்டும் என்று அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்றவற்றை வாய்வழியாகக் கொடுத்துவிடாதீர்கள். முயலின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, அதனாலேயே சாவு வரும். காக்சிடியாவைத் தடுக்கும் மருந்து கலந்த கோழித் தீவனமும் வேண்டாம். அவற்றில் சேர்க்கும் நராசின், மதுராமைசின் போன்றவை முயலுக்கு விஷம்.