ரிப்போர்ட்டில் கேட்கிற மருந்து காலில் கேட்காதது ஏன்?

வணக்கம் அண்ணா,
அப்பாவுக்குச் சீனி வருத்தம். குதிக்காலில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. சீழில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் பொருந்தும் என்று வந்த குளிசையைத்தான் கொடுத்தார்கள். குடிக்கும்வரை சீழ் குறைகிறது, முடிந்ததும் திரும்ப வருகிறது. கிருமி மருந்துக்குப் பழகிவிட்டதா? பாமசியில் இதைவிடப் பவரானதாக வாங்கிக் கொடுக்கலாமா?
ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கைக்கு,

தயவுசெய்து நீங்களாக எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். ரிப்போர்ட்டும் பிழையாக இருக்க வேண்டியதில்லை. ஆய்வுகூடத்தில் சோதிப்பது புதிதாக, வேகமாக வளர்கிற பக்டீரியாவை. ஆறாத புண்ணில் அவை பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. செத்த தசையில் ஒட்டி, சர்க்கரைப் பொருளும் புரதமும் டிஎன்ஏயும் கலந்த ஒரு பசையைச் சுரந்து அதற்குள்ளேயே குடியிருக்கும். இதுதான் பயோபிலிம். காலையில் பல்லை நாக்கால் தடவினால் வழுவழுவென்று படுகிறதே, அதுவும் இதே சாதிதான்.

மருந்து அந்தப் பசைக்குள் மெதுவாக இறங்குவது ஒரு பக்கம். அதைவிட முக்கியம், அடியில் இருப்பவைக்கு ஒட்சிசனும் உணவும் போதாது, அதனால் வளராமல் உறங்கிக் கிடக்கும். பெனிசிலின் கொல்வது வளரும்போது தன்னைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொண்டிருக்கிற பக்டீரியாவை; கட்டாததை அது என்ன செய்யும்? 1944இல் ஜோசப் பிகர் என்ற ஆய்வாளர் இதைக் கண்டார்: பெனிசிலினில் தப்பிய சில பக்டீரியாக்களைத் திரும்ப வளர்த்தபோது, அவற்றின் வாரிசுகள் அதே பெனிசிலினில் செத்தன. மரபணு மாறவில்லை, தாக்குப்பிடித்தன, அவ்வளவுதான். பயோபிலிமுக்குள் கொல்லச் சில மருந்துகள் வழக்கமான அளவைவிட நூறு முதல் ஆயிரம் மடங்கு வரை தேவைப்படலாம், அந்த அளவைக் குளிசையால் இரத்தத்தில் கொண்டுவர முடியாது. ஆகவே 'பவரானது' தீர்வல்ல.

ஆனால் இது அப்படியே நின்றுவிடுவதுமில்லை. ஈ. கோலை என்ற குடல் பக்டீரியாவுக்கு, பெனிசிலின் வகை மருந்தான அம்பிசிலினை விட்டுவிட்டுக் கொடுத்த இஸ்ரேல் ஆய்வில் (2017) முதலில் தாக்குப்பிடிக்கும் தன்மை வந்தது, அப்புறம் அதன்மேல் மருந்து இருக்கும்போதே வளரக்கூடிய உண்மையான எதிர்ப்பும் வந்தது. பயோபிலிமுக்குள் பக்டீரியாக்கள் நெருக்கமாக வாழ்வதால் எதிர்ப்பு மரபணுக்களை ஒன்றுக்கொன்று கைமாற்றவும் முடியும். அரைகுறையாக மருந்து மாற்றி மாற்றிக் கொடுப்பதற்கு நான் பயப்படுவது இதனால்தான்.

சரி, என்ன செய்வது? கிளினிக்கில் கேளுங்கள்: செத்த தசையை வெட்டிச் சுத்தப்படுத்த வேண்டுமா, எலும்பில் கிருமி இறங்கியிருக்கிறதா, காலுக்கு இரத்தம் ஒழுங்காகப் போகிறதா? சுத்தப்படுத்தினாலும் ஓரிரு நாளில் படலம் திரும்பக் கட்டத் தொடங்கும். அந்த இடைவெளியில்தான் மருந்து நன்றாக வேலை செய்யும், எனவே மருந்து கட்டப் போகும் நாளைத் தவறவிடாதீர்கள். சீனியைக் கட்டுப்படுத்துங்கள், குதிக்காலை ஊன்றவிடாதீர்கள். காய்ச்சலோ, சிவப்புப் பரவுவதோ, விரல் கறுப்பதோ கண்டால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே பெரியாசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள்.