தையலைப் பொழுதுபோக்காகக் கற்றுக்கொள்வதில் என்ன மகிழ்ச்சி, என்ன எரிச்சல்?

வேலைக்குப் போகும் ஒருவர் ஓய்வு நேரத்தில் தையல் கற்றுக்கொள்வது சந்தோஷம் தருமா, சொந்தமாக ஜாக்கெட் தைத்துப் போட எவ்வளவு காலம் ஆகும், வீட்டு மூலையில் துணி குவிந்து கிடக்கும் பாட்டியின் மிதி மெஷினையே பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடுக்கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஆசையாகத் தையலைத் தொடங்கி வெறுத்துப்போய் விட்டவர்களில், நான் பார்த்தவரை, பெரும்பாலோரைக் கவிழ்த்தது அந்த ஜாக்கெட்தான்.

நம் ஊரில் தையல் வகுப்பில் சேரும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். "என் ஜாக்கெட்டையாவது நானே தைத்துக்கொள்ளலாமே" என்பார்கள். நியாயமான ஆசை. லைனிங் வைத்துத் தைக்கும் கூலி சாதாரணப் புடவையின் விலையை எட்டிப் பிடிக்கிறது. தீபாவளிக்கென்று கொடுத்தது கார்த்திகைக்குத்தான் கைக்கு வருகிறது. ஆனால் வீட்டில் தைக்கக்கூடிய உடுப்புகளிலேயே புதிதாகக் கற்பவருக்கு மிகக் கடினமானது அதுதான். நாம் எல்லோரும் கடைசிப் பாடத்தை முதல் பாடமாக எடுத்துக்கொண்டு, "எனக்குத் தையல் வராது" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

ஏன் கடினம்? பருத்தித் துணி இழுபடாது. துணி தட்டையானது, உடம்பு அப்படி இல்லை. தட்டைத் துணியில் வளைவைக் கொண்டுவரத்தான் டார்ட், அதாவது கூராக முடியும் மடிப்பு, பிடிக்கிறோம். அதன் முனை கால் அங்குலம் தள்ளிப் போனாலும் கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும். கிராஸ் கட்டிங்கில் முன்பக்கத்தைத் துணியின் சாய்வில் வைத்து வெட்டுவார்கள். சாய்வில் வெட்டிய துணி சற்று நெகிழ்ந்து உடம்போடு ஒட்டி நிற்கும் என்பதால்தான் அப்படி. அதே நெகிழ்ச்சி, பழகாத கையில் வினையாகிறது. மெஷினில் ஓடும்போதே துணி நீண்டு, இடது முன்பக்கம் ஓர் அளவு, வலது முன்பக்கம் ஓர் அளவு என்று வந்து நிற்கும்.

அடுத்தது கை. கையின் மேல் வளைவு, கைக்குழியின் சுற்றளவைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதலைச் சுருக்கம் தெரியாமல் அமுக்கி அமுக்கி ஏற்ற வேண்டும். முன்பக்கக் கைக்குழியைப் பின்பக்கத்தைவிட ஆழமாக வெட்டுவதால், கைகள் இடம் மாறிவிட்டால் பஸ் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கும்போது தோள்பட்டை இழுக்கும். லைனிங் துணியை நனைத்துக் காயவைக்காமல் வெட்டினீர்கள் என்றால் முதல் சலவையிலேயே உள்துணி சுருங்கி, மேல்துணி உப்பிக்கொண்டு நிற்கும். இதற்குப் பிறகுதான் கொக்கிப் பட்டி, இடுப்புப் பட்டி, கழுத்துக்குப் பைப்பிங். அளவு ஜாக்கெட் ஒன்றை வைத்துத் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பல சலவை கண்டு இழுத்துப்போன பழைய ஜாக்கெட்டைப் படியெடுத்தால், அதன் தொய்வும் சேர்ந்தே வரும்.

ஆகவே என் யோசனை, உள்பாவாடையில் தொடங்குங்கள். இரண்டு, இரண்டேகால் மீட்டர் பாப்ளின் போதும். ஆறு பீஸ் பாவாடை என்றால் நீளமான நேர்த் தையல்கள், கீழே ஒரு மடிப்பு, மேலே நாடாப் பட்டி, அவ்வளவுதான். பார்க்க எளிது, பாடம் நிறைய. துண்டுகளைத் தலைகீழாக மாற்றி மாற்றி வைத்தால் துணி எவ்வளவு மிச்சமாகிறது என்று தெரியும். சாய்ந்த ஓரத்தை நேர் ஓரத்தோடு சேர்த்துத் தைத்தால் பாவாடையின் கீழ்விளிம்பு தொங்காது என்பதும் கைக்குப் பழகிவிடும். தையல் கோணினாலும் புடவைக்குள் யார் பார்க்கப்போகிறார்கள்? அதற்குப் பிறகு தலையணை உறை, துணிப்பை, நைட்டி, குழந்தைக் கவுன். ஜாக்கெட்டுக்கு எவ்வளவு காலம் என்பதற்கு இதுதான் என் பதில்: இவையெல்லாம் அலுத்துப்போகும்போது ஜாக்கெட்டுக்கு வாருங்கள்.

இனி எரிச்சல்கள். தையலை ஆசைப்படுபவரின் கற்பனையில் எப்போதும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். உண்மையில் மெஷின் முன் உட்காரும் நேரம் கொஞ்சம்தான். துணியை நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, தரையில் விரித்து, கரையோடு இணையாக நேர் பார்த்து, தையல் சாக்பீஸால் கோடு போட்டு, வெட்டி முடிப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை காலை போய்விடும். முதுகும் போய்விடும். ஒவ்வொரு தையலுக்குப் பிறகும் இஸ்திரி போட எழுந்திருக்க வேண்டும். அந்த வேலையைத் தவிர்த்தால் என்னதான் நேராக அடித்தாலும் உடுப்பு, வீட்டில் தைத்தது என்று உரக்கச் சொல்லும். இதையெல்லாம் ரசிக்க முடியாதவருக்குத் தையல் பொழுதுபோக்காக அமையாது. இதை ஒளித்துவைத்து உங்களை உற்சாகப்படுத்த எனக்கு மனமில்லை.

பிரிப்பது இன்னொரு கொடுமை. பிளேடை வைத்துப் பிரித்தால் துணியும் சேர்ந்து கிழியும். சில ரூபாய்க்குக் கிடைக்கும் தையல் பிரிப்பானை மெஷினோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் எதையும் பிரிக்காதீர்கள், வெட்டவும் வெட்டாதீர்கள். மறுநாள் காலையில் பார்த்தால் பாதிப் பிழை பிழையாகவே தெரியாது.

மெஷின் செய்யும் சண்டித்தனங்களில் முக்காலுக்குக் காரணம் மிகச் சிறியதாக இருக்கும். துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கினால் எல்லோரும் கீழ்நூல் சுற்றியிருக்கும் பாபினைத் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி மேல்நூல். நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் அது சரியாக உட்காரவில்லை என்று பொருள். துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு நூல் கோத்தால் தட்டுகள் தளர்ந்து நூல் உள்ளே இறங்கும். ஃபுட் கீழே இருக்கும்போது கோத்தால் மேலோடு நின்றுவிடும். தையல் விட்டு விட்டு விழுந்தால் திருகாணியைத் தொடுவதற்கு முன் ஊசியை மாற்றிப் பாருங்கள். முனை மழுங்கிய ஊசிக்காக மெஷினையே மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. நடுத்தரப் பருத்திக்குப் 14ஆம் நம்பர், மெல்லிய பட்டுக்கு 11ஆம் நம்பர். ஊசியில் நீளப் பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்துதான் நூலைக் கோக்க வேண்டும்.

ஊசி உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் நம் கைதான். துணியைப் பின்பக்கமிருந்து பிடித்து இழுப்பார்கள், ஊசி வளைந்து தகட்டில் மோதி முறியும். துணியை நகர்த்துவது அடியில் இருக்கும் பற்களின் வேலை. நம் கை வழிகாட்டினால் போதும். இதை நான் புரிந்துகொண்டது மதுரை புது மண்டபத்துத் தையல்காரர்களை வேடிக்கை பார்த்துத்தான். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தில், சிற்பத் தூண்களுக்கு நடுவே வரிசையாக மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். இப்போது அங்கிருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அந்தத் தையல்காரர்கள் குண்டூசி குத்தமாட்டார்கள், நூலோட்டிக்கொள்ளமாட்டார்கள். விரல்கள் துணியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். பக்கத்துக் கடைக்காரரோடு பேச்சும் நிற்காது. அந்த வேகத்தைப் பார்த்துப் பொறாமைப்படலாம், ஆனால் வீட்டில் அதற்கு முயல வேண்டாம். அது நாளெல்லாம் தைத்து வந்தது. நமக்குக் குண்டூசியும் பொறுமையும்தான் கதி.

இவற்றைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று உண்டு. அது மனிதர்களால் வருவது. நம்மூரில் தையல் என்றால் பிழைப்பு. ஆதரவற்ற பெண்களுக்கு அரசு மெஷின் கொடுக்கும் திட்டமே இருக்கிறது, சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில். நல்ல திட்டம். ஆனால் சம்பளம் வாங்கும் ஒருத்தி சும்மா ஆசைக்குத் தைக்கிறாள் என்பது பலருக்குப் புரிவதில்லை. "வெளியே எடுத்துத் தைத்தால் காசு வருமே" என்று அக்கறையாகச் சொல்வார்கள். சொன்ன அதே வாய், "சும்மாதானே இருக்கிறாய், இந்தப் புடவைக்கு ஃபால்ஸ் மட்டும் அடித்துக் கொடு" என்று கேட்கும். அந்த 'மட்டும்' என்பதில் புடவைக் கரை நெடுகக் கையால் ஹெம்மிங் போடுவது அடங்கியிருக்கிறது. எனக்கு ஃபால்ஸ் என்றாலே பிடிக்காது. அத்தை, சித்தி, மாடி வீட்டு அம்மா என்று யார் வந்தாலும், "தெருமுனைக் கடையில் நன்றாகச் செய்கிறார்கள், நானே அங்கேதான் கொடுக்கிறேன்" என்று சொல்லிவிடுகிறேன். முதல் முறை முகம் சுருங்கும், மூன்றாம் முறை கேட்கவே மாட்டார்கள்.

பணம் மிச்சமாகும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். கூலியில் மிச்சம் பிடித்ததைத் துணிக்கடையில் விட்டுவிடுவீர்கள். ஈரோட்டுக் கனி ஜவுளி மார்க்கெட், சென்னை கோடவுன் தெரு, எடை போட்டுப் பிட்டுத் துணி விற்கும் கடைகள், கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடி எல்லாம் திடீரென்று கண்ணில் படத் தொடங்கும். "இது எதற்காவது ஆகும்" என்று வாங்கிய சுங்குடியை வெட்ட மனம் வராமல் பீரோவில் அடுக்கிவைப்பீர்கள். தைக்கத் தெரிந்தவர் வீட்டில் தைக்காத துணிதான் அதிகம் இருக்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் தைக்கிறேன் என்றால், என் நைட்டியில் பை இருக்கிறது. சிரிக்காதீர்கள். கைப்பேசியும் சாவியும் உள்ளே போகும் ஆழமான பை, பக்கத் தையலில் மறைந்திருக்கிறது. பெண்கள் உடுப்புக்குப் பை வைக்க எந்தக் கடையும் மனம் வைப்பதில்லை. ஒரு பக்கத்துக்கு இரண்டு துண்டுத் துணி, கால் மணி நேரம், அவ்வளவுதான் செலவு. சுடிதாரின் கழுத்து என் தோளைவிட்டு நழுவாத அகலத்தில் இருக்கிறது. வாங்கிய குர்தாவின் கை இறுக்கினால், உள்ளே விட்டிருக்கும் துணியைப் பார்த்துக் கால் அங்குலம் தளர்த்திவிடுகிறேன். முன்பெல்லாம் கடை உடுப்பு பொருந்தாவிட்டால் உடம்பைக் குறை சொல்லத் தோன்றும். இப்போது அளவைக் குறை சொல்கிறேன். கடைக்குப் போனாலும் உடுப்பை உள்பக்கம் திருப்பித்தான் பார்க்கிறேன். தையல் விளிம்பில் அரை அங்குலமாவது விட்டிருக்கிறார்களா, கோடு போட்ட துணியில் கோடுகள் பக்கவாட்டில் சந்திக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, பல சமயம் மாட்டிவிட்டு வந்துவிடுகிறேன்.

மெஷினும் ஒரு மகிழ்ச்சி. தகட்டைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஊசி கீழே இறங்கி மேலே திரும்பும் கணத்தில் நூல் ஒரு சின்ன வளையமாக விரியும். ஷட்டிலின் கொக்கி அதைப் பிடித்துப் பாபினைச் சுற்றி இழுத்துப் போகும். மேல்நூலும் கீழ்நூலும் துணிக்கு நடுவே பின்னிக்கொள்ளும். கண்ணை ஊசியின் முனைப் பக்கம் வைத்து, ஷட்டிலோடு சேர்த்து எலியாஸ் ஹோவ் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1846இல். ஐசக் சிங்கர் தன் மெஷினுக்கு வாங்கியது 1851இல். அடிப்படை இன்னும் மாறவில்லை. இயந்திர மோகத்தைக் கடிந்துகொண்ட காந்திகூட 1924இல் ஓர் உரையாடலில் தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்றும் சொன்னார். பல பெண்களோடு குடும்பம் நடத்திய சிங்கரின் கதை தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனாலும் விலக்கு சரியானதுதான்.

பாட்டியின் மெஷினுக்கு வருவோம். தாராளமாகப் பயன்படுத்துங்கள். நேர்த் தையல் மட்டும் போடும் கறுப்பு மெஷின், நூறு டிசைன் காட்டும் புது மெஷினைவிடக் கற்பதற்கு நல்லது. வேகம் முழுக்க உங்கள் காலில் இருக்கும். வெகுகாலம் ஓடாமல் கிடந்திருந்தால் பழைய எண்ணெய் இறுகிப்போயிருக்கும். துளைகளில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு நூலில்லாமல் ஓட்டி, துடைத்துவிட்டு, மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசின்போல் இறுகிவிடும். தோல் பெல்ட் தளர்ந்திருந்தால் சிறிது வெட்டிக் கிளிப் போட்டு மாட்டலாம், வெடித்திருந்தால் புதிதாக வாங்குங்கள். பாபின் கேஸ் துருப்பிடித்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். சக்கரத்தைக் கையால் உங்கள் பக்கமாகச் சுழற்றிவிட்டுப் பிறகு மிதிக்க வேண்டும். பின்பக்கமாகச் சுழன்றால் நூல் சிக்கும். அந்தக் கால் பழக்கம் வரும்வரை ஊசியில் நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளை ஃபுட்டுக்கு அடியில் வைத்து, கோட்டின் மேலேயே துளை விழுகிறதா என்று ஓட்டிப் பழகுங்கள். பாப்ளின் வாங்குவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.