வாங்குமுன் ஒரு வார்த்தை: ரோட்ஸ்டர் கடிதங்கள்

2020 இல் நின்ற வாகன இறக்குமதி 2025 இல் திரும்பத் திறந்ததிலிருந்து கார் பற்றிய கடிதங்கள் கூடிவிட்டன. ரோட்ஸ்டர் எனப்படும், கூரை திறக்கும் இரண்டு இருக்கைக் கார்களைப் பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்திருக்கிறேன். நீளமான கடிதங்களை வெட்டிவிட்டேன், கோபிக்க வேண்டாம். இனி எழுதுபவர்கள் சேசி நம்பரின் முதல் நாலைந்து எழுத்தையும் டயரின் வயதையும் சேர்த்து எழுதினால் எனக்குப் பாதி வேலை குறையும்.

கேள்வி: 1992 யூனோஸ் ரோட்ஸ்டர், 1.6 எஞ்சின். விற்பவர் ஸ்பிரிங்கை வெட்டிக் காரைப் பதித்து, 17 இஞ்சி ரிம் போட்டு வைத்திருக்கிறார். "வளைவில் தண்டவாளத்தில் போற மாதிரிப் போகும்" என்கிறார். அந்த வேலைக்காகவே நாலு லட்சம் கூடக் கேட்கிறார். கொடுக்கலாமா ஐயா?
— கல்லடி

பதில்: கொடுக்க வேண்டாம். அந்த வேலைக்காக விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வாரத்துக்கு ஒருவர் இதே கதையோடு வருகிறார். மஸ்தா 1989 இல் இந்தக் காரைக் கொண்டுவந்தபோது பெரிய எஞ்சினை நம்பவில்லை. ஜப்பானில் யூனோஸ் என்ற பெயரில் விற்ற 1.6 க்கு 120 குதிரைவலுதான். ஆனால் காரின் எடை ஒரு தொன்னுக்கும் குறைவு. எஞ்சினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்தார்கள். பேட்டரியைக் கூட டிக்கிக்குள் கொண்டுபோனார்கள். ஆள் ஏறி உட்கார்ந்தால் முன்னும் பின்னும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி எடை. நாலு சக்கரத்துக்கும் இரட்டை விஷ்போன், அதாவது சக்கரத்தை மேலும் கீழும் பிடிக்கும் இரண்டு கைகள். அக்சிலேட்டரை அமர்த்தியதும் பின்சக்கரத்துக்கு இழுவை தாமதிக்காமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக கியர்பெட்டியையும் பின்சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலையும் ஓர் அலுமினியச் சட்டத்தால் இணைத்தார்கள். இவ்வளவையும் செய்துவிட்டு அவர்கள் மாட்டிய டயர் என்ன தெரியுமா? 14 இஞ்சி ரிம்மில் 185/60, அதாவது 185 மில்லிமீற்றர் அகலம்தான். காற்று 26 பிஎஸ்ஐ. நம் ஊரில் கேட்காமலே 35 அடிக்கிறார்கள்.

இப்போது ஸ்பிரிங்கை வெட்டினால் என்ன நடக்கிறது? இந்தக் காரின் சஸ்பென்ஷனுக்கு மேலும் கீழும் ஆட இருக்கும் இடமே கொஞ்சம். வெட்டியதும் அதிலும் பாதி போய்விடும். வளைவின் நடுவில் ஒரு சிறு பள்ளம் வந்தால், ஷொக்குக்கு மேலே இருக்கும் ரப்பர் கட்டையில் கார் நேராகப் போய் இடிக்கும். இடித்த கணத்தில் அந்தச் சக்கரத்துக்கு ஸ்பிரிங் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பக்கம் பிடியை விடும். விஷ்போன் கைகள் நிற்க வேண்டிய சாய்வும் மாறிவிடுவதால், கார் தாழ்ந்திருந்தும் முன்னைவிடக் கூடச் சாயப் பார்க்கும். அதை மறைக்க இன்னும் கடினமான ஸ்பிரிங் போடுவார்கள். கூரை இல்லாத உடலுக்கு முறுக்கைத் தாங்கும் பலம் குறைவு, அந்தக் கடினம் எல்லாம் உடலுக்கு இறங்கி டேஷ்போர்ட் கிலுகிலுக்கும், கதவு ஒழுங்காகச் சாத்தாது.

17 இஞ்சி ரிம்மின் பாரம் வேறு. சக்கரம் பாரமானால் ஷொக்கால் அதை ரோட்டோடு வைத்திருக்க முடியாது. அகலமான டயர் நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு ஒரே அடியாக விடும். நல்ல ரோட்ஸ்டர் அப்படிச் செய்யாது. "இனி வழுக்கப் போகிறேன்" என்று ஸ்டியரிங்கிலும் இருக்கையிலும் முன்கூட்டியே சொல்லும், சொன்ன பிறகும் மெதுவாகத்தான் வழுக்கும். அந்தக் காருக்கு நீங்கள் காசு கொடுப்பதே அதற்காகத்தான். ஊர்களுக்கு வெளியே 70 கிலோமீற்றர் எல்லை உள்ள நாட்டில், 50 இல் போகும்போதே ரசிக்கத் தருகிற கார் இது. காத்தான்குடிக்கும் கல்முனைக்கும் இடையில் இருக்கிற வேகத்தடைகளை நினைத்துப் பார்த்துவிட்டு, பதித்த காரில் அந்த வழியால் வேலைக்குப் போவீர்களா என்று முடிவெடுங்கள்.

இந்த விஷயத்தில் எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. "32 நிலைகளில் மாற்றலாம்" என்று சொல்லி ஒரு ஷொக் செட்டை என் தலையில் கட்டினார்கள். திருகும்போது கிளிக் கிளிக் என்று சத்தம் நன்றாக வரும். அதைத் தவிர வேறொன்றும் மாறாது.

சரி, வாங்குவதானால் பழைய ஸ்பிரிங்கும் பழைய ரிம்மும் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அவற்றைத் தேடிப் போடும் செலவைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள். அவர் சிரித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: ஹொண்டா எஸ்2000, மஸ்தா ரோட்ஸ்டர், இரண்டில் எது வேகம் கூட?
— அக்கரைப்பற்று

பதில்: எஸ்2000. 9,000 சுற்றுவரை போகும் எஞ்சினை எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்பதையும் எழுதியிருந்தால் மேலே பேசியிருக்கலாம். ஒன்று மட்டும்: ஆரம்ப வருடக் கார்களின் பின்பக்கம் ஈர ரோட்டில் அனுபவமில்லாதவரைத் திருப்பிவிடும். ஹொண்டாவே 2004 மொடலில் பின் சஸ்பென்ஷனை மாற்றியது.

கேள்வி: கொழும்புப் பக்கம் ஒரு கார் சேலில் 1.8 என்று விளம்பரம் பார்த்து ரோட்ஸ்டர் வாங்கினேன். ஆறு வாரம்தான் ஆகிறது. இடப்பக்கம் இழுக்கிறது, மூன்று தரம் அலைன்மென்ட் செய்தும் சரிவரவில்லை. நேற்றுக் கழுவும்போது கதவுக்குக் கீழே கறுப்புப் பூச்சு பூசிய இடத்தில் விரலால் அமர்த்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. சேல்காரர் போன் எடுக்கிறார் இல்லை. அம்மாவின் காணி விற்ற காசு இது.
— களுவாஞ்சிக்குடி

பதில்: தம்பி, முதலில் ஒன்று. நீங்கள் ஏமாளி இல்லை. அந்த இடத்தில் கறுப்புப் பூச்சு பூசியவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று நன்றாகத் தெரியும்.

இனி நாளைக் கடத்த வேண்டாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். உங்களுக்கு இன்னும் பாதிக்காலம் இருக்கிறது. 1977 க்கு அழைத்தால் வழி சொல்வார்கள், ஆனால் அழைப்போடு நின்றுவிடாமல் கடிதமாகக் கொடுங்கள். பற்றுச்சீட்டு, விளம்பரத்தின் படம், நீங்கள் போன் எடுத்த நேரங்கள், துருவின் படங்கள் எல்லாவற்றையும் இணையுங்கள். படம் எடுத்து முடியும்வரை அந்த இடத்தில் யாரையும் வெல்டிங் வைக்க விடாதீர்கள். சேல்காரருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போகட்டும். மத்தியஸ்த சபைக்கும் போகலாம், அங்கே சட்டத்தரணிக்குக் காசு தேவையில்லை.

அப்புறம் பொனட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டுச் சுவரில் அடித்திருக்கும் சேசி நம்பரைப் பாருங்கள். NA6CE (என்ஏ6சிஇ) என்று தொடங்கினால் 1.6 ஆகப் பிறந்த கார், NA8C (என்ஏ8சி) என்றால் 1.8. பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் நம்பரையும் சேசி நம்பரையும் காரில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். விளம்பரத்தில் 1.8, சுவரில் 6 என்று இருந்தால் உங்கள் கையில் இருக்கும் பலமான ஆதாரம் அதுதான்.

துரு எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், முறைப்பாட்டில் எழுத உதவும். துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால், சீட்பெல்ட் கோபுரத்தின் அடியில் உள்ள துளைகளால் கீழே இறங்க வேண்டும். இலையும் மண்ணும் அதை அடைத்தால் தண்ணீர் கதவடிப் பெட்டிக்குள் தேங்கி, உள்ளிருந்து தின்னும். வெளியே தெரியும்போது உள்ளே எதுவும் மிச்சமிராது. ஒரு வருடத்து வேலை இல்லை இது. கூரையில்லாத காருக்கு அந்தக் கதவடிப் பெட்டிதான் முதுகெலும்பு, ஆகவே வேகமாக ஓட்ட வேண்டாம்.

அலைன்மென்ட் கடையிலும் உங்களை ஒருவர் சுத்தியிருக்கிறார் போலத் தெரிகிறது. இந்தக் காரில் நாலு சக்கரத்தின் சாய்வையும் மாற்றலாம், பின்சக்கரம் உட்பட. அதற்கான போல்ட்டுகள் உப்புக்காற்றில் இறுகிக் கிடக்கும். அவற்றைத் தொட மனமில்லாமல் முன் டோவை, அதாவது முன்சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் அளவை, மட்டும் திருகிவிட்டு நாலு சக்கரத்துக்கும் பில் போடுகிற கடைகள் உண்டு. முன்னுக்கும் பின்னுக்கும் எண்கள் அச்சிட்ட தாளைக் கேளுங்கள். தராவிட்டால் அந்தக் காசையும் திருப்பிக் கேளுங்கள். ஆனால் உடல் நேராகும்வரை நாலாவது அலைன்மென்டுக்குச் செலவழிக்க வேண்டாம். முறைப்பாட்டின் முடிவை எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: மனைவி, ஒரு பிள்ளை. குடும்பத்துக்கு டைஹட்சு கோபன் சரிவருமா?
— வாழைச்சேனை

பதில்: இருக்கை இரண்டு. ஆட்கள் மூன்று.

கேள்வி: டொயோட்டா எம்ஆர்-எஸ் வைத்திருக்கிறேன். பசறைப் பக்கம் மழையில் போகும்போது ஒரு வளைவில் பயந்து அக்சிலேட்டரை விட்டேன், பின்பக்கம் முன்னுக்கு வந்து மதகில் இடித்தது. 60 இல்தான் போனேன். டயர் தேயவில்லை, படம் அனுப்பியிருக்கிறேன். பழுதான காரை விற்றதாகச் சொல்லி விற்றவரிடம் நட்டஈடு கேட்கலாமா?
— கல்முனை

பதில்: கேட்க முடியாது. படத்தில் பின் டயரின் பக்கச் சுவரில் 3513 என்று இருக்கிறது. 2013 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரம் செய்த டயர் என்று அதற்கு அர்த்தம். தேயாமல் இருப்பதற்குக் காரணம் அது கல்லாகிவிட்டது. வாங்கும்போது பார்க்கவில்லை, வாங்கிய பிறகும் பார்க்கவில்லை, எனக்குப் படம் எடுத்து அனுப்பும்போது கூடப் பார்க்கவில்லை.

உங்கள் காரில் எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. பாதிக்கு மேற்பட்ட எடை பின்சக்கரங்களில். வளைவுக்குள் காலைச் சட்டென்று எடுத்தால் பாரம் முன்னுக்கு ஓடும், பின் டயரை ரோட்டோடு அமர்த்தும் கனம் குறையும், ஆனால் பின்னால் இருக்கும் எஞ்சின் போன திசையிலேயே போகப் பார்க்கும். முன் எஞ்சின் ரோட்ஸ்டரில் இதே தவறுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். இதில் கிடைக்காது. வளைவுக்கு முன்னால், கார் நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். உள்ளே போன பிறகு காலை மெல்லத்தான் எடுக்க வேண்டும்.

நாலு டயரும் ஒரே மாதிரி, ஒரே காலத்தில் செய்தவையாகப் போடுங்கள். தொடக்க மொடலுக்கு முன்னால் 185/55, பின்னால் 205/50, இரண்டும் 15 இஞ்சி. அளவு வேறு என்பதால் முன்பின் மாற்றிப் போட முடியாது. ரீபில்ட் டயர் மலிவாகக் கிடைக்கிறது என்று இன்னொரு கடிதம் எழுதிவிடாதீர்கள். டிப்ஸ்டிக்கையும் ஒரு தரம் இழுத்துப் பாருங்கள், தொடக்க வருட எஞ்சின்கள் ஒயில் குடிக்கும்.

கேள்வி: நள்ளிரவில் புதிய கல்லடிப் பாலம் வெறுமையாக இருக்கும். காரின் பலன்ஸைச் சோதிக்க அந்த இடம் பரவாயில்லையா?
— மட்டக்களப்பு

பதில்: இல்லை. அங்கே அந்த நேரத்தில் மீன்பிடிக்கிறவர்கள் நிற்பார்கள், லைட் இல்லாத சைக்கிளும் வரும்.

கேள்வி: ரோட்ஸ்டரைக் களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்த பந்தயத் திடலில் ஒரு நாள் ஓட்ட ஆசை. நண்பர் முதலில் டர்போ போடச் சொல்கிறார். என்ன வாங்கலாம்?
— அம்பாறை

பதில்: பிரேக் ஒயில் வாங்குங்கள். டொட் 4 தரம் புதிதாக இருக்கும்போது 230 பாகைக்குக் குறையாமல் தாங்க வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியபின் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். ரோட்டில் இது தெரியவே தெரியாது. திடலில் நாலைந்து சுற்று அடித்துப் பிரேக் சூடானால் ஒயில் கொதித்து, மிதி தரைவரை போகும். மூடி திறந்து கடை அலுமாரியில் கிடந்த போத்தலை வாங்க வேண்டாம், சீல் உடைக்காதது வேண்டும்.

அடுத்தது பிரேக் பேட். பெட்டியில் "ரேசிங்" என்று போட்டிருந்த ஒன்றை நானும் வாங்கி மாட்டினேன். சூடேறும்வரை அது பிடிக்கவே பிடிக்காது. விடியற்காலையில் ஊறணிச் சந்தியில் நான் தப்பியது எதிரே வந்த வான்காரரின் புண்ணியம். ரோட்டுக்கும் திடலுக்கும் பொதுவான நடுத்தரப் பேட் போதும்.

டயர் காற்றை ஓடி வந்த சூட்டோடு அளந்து, கூடினதை இறக்குங்கள். ரோட்டு அலைன்மென்டில் கார் முதலில் முன்பக்கம்தான் வழுக்கும், அது பாதுகாப்புக்காக வைத்தது. அதற்கு ஸ்டியரிங்கை இன்னும் திருப்பாதீர்கள், காலைக் கொஞ்சம் தளர்த்துங்கள், முன்சக்கரம் திரும்பப் பிடிக்கும். முன் கேம்பரை, அதாவது முன்சக்கரச் சாய்வை, கூட்டுவது எல்லாம் இதைப் பழகிய பிறகு. ஹெல்மெட் போட்டு உட்காரும்போது தலை, கார் கவிழ்ந்தால் காக்கும் ரோல்பார் கம்பிக்குக் கீழே நிற்கிறதா என்று பாருங்கள். ரோல்பாரே இல்லையென்றால் டர்போவுக்கு ஒதுக்கிய காசு அதற்குப் போகட்டும். இன்சூரன்ஸ் பத்திரத்தையும் வாசியுங்கள், பந்தயத்தில் வரும் சேதத்தை வழக்கமாக விலக்கியிருப்பார்கள்.

கேள்வி: ரோட்ஸ்டரின் டிக்கியில் இருந்த சின்னப் பேட்டரி போய்விட்டது. கடையில் சாதாரண பேட்டரி மூன்றில் ஒரு விலைக்குக் கிடைத்தது, மாட்டிவிட்டேன். இப்போது டிக்கியைத் திறந்தால் புளித்த மணம். ஏன்?
— ஏறாவூர்

பதில்: மூன்றில் ஒரு விலை என்பதால். அந்தக் காருக்கு வந்தது ஆவியைக் குழாய் வழியே வெளியே விடுகிற மூடிய வகை. நீங்கள் மாட்டியது அசிட் ஆவியை டிக்கிக்குள்ளேயே விடுகிறது. இன்றைக்கே கழற்றுங்கள். விரிப்பைத் தூக்கி, வெள்ளைப் பொடி படிந்த இடங்களை அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவைத்துப் பெயின்ட் பூசுங்கள். புதிதாக வாங்கும்போது ஆவிக்குழாய் பூட்டும் வாய் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். பழைய குழாய் காரிலேயே தொங்கிக்கொண்டிருக்கும், எறிந்துவிடாதீர்கள்.