அழுகையும் கணக்கு நோட்டும்: எந்த உளவியல் கொள்கை சரி?

கேள்வி: எனக்கு வயது 34. பத்து வருட இடைவெளிக்குப் பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளுக்குப் படிக்கிறேன். குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும் பகுதியில்தான் மதிப்பெண் போகிறது. பாவ்லோவ், தார்ண்டைக், ஸ்கின்னர், பியாஜே, வைகாட்ஸ்கி, ஃபிராய்டு என்று நாலு முறை படித்தும் பெயர்கள் மாறிப்போகின்றன. ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுக்கிறார். நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகன் கணக்கு நோட்டை எடுத்தாலே அழுகிறான். பலன் கிடைத்தால் செயல் கூடும் என்ற ஸ்கின்னரைப் படித்த தைரியத்தில், "எல்லாக் கணக்கும் சரியாகப் போட்டால் அரை மணி நேரம் செல்போன்" என்றேன். இரண்டு வாரம் ஓடியது. இப்போது செல்போனைக் கையில் கொடுத்தால்தான் நோட்டைத் திறக்கிறான், அழுகையும் நிற்கவில்லை. சில நாள் பார்க்கப் பாவமாக இருந்து, "சரி, நாளைக்குப் போடலாம்" என்று நோட்டை மூடிவிடுகிறேன். இத்தனை கொள்கையில் எதுதான் சரி?

பதில்: அன்புள்ள சகோதரி, நீங்கள் தனித்தனியாக எழுதியிருக்கும் இரண்டு கவலைகளும் உண்மையில் ஒன்றுதான். உங்கள் மகனின் அழுகையைச் சரியாகப் புரிந்துகொண்டால் தேர்வுப் பாடத்தில் பாதிக்கு மேல் மனதில் தங்கிவிடும்.

"எது சரி" என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இவர்கள் எல்லோரும் ஒரே கேள்விக்கு விடை தேடவில்லை. எதைக் கண்டால் பயம் வருகிறது என்பது ஒரு கேள்வி. ஒரு செயல் ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது என்பது வேறு கேள்வி. இந்த வயதுப் பிள்ளைக்கு எது புரியும் என்பது இன்னொன்று. பாடநூல்கள் இவற்றை வரிசையாக அடுக்கி, ஒன்றோடொன்று மோதுவதுபோலக் காட்டிவிடுகின்றன. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் "இவர் கேட்ட கேள்வி என்ன" என்று எழுதி வைத்துக்கொண்டாலே குழப்பம் பெருமளவு தீரும்.

நோட்டை எடுத்தவுடன் வரும் அழுகையிலிருந்து தொடங்குவோம். இன்னும் ஒரு கணக்குகூடப் போடவில்லை, யாரும் திட்டவில்லை, ஆனாலும் கண் கலங்குகிறது. இது பாவ்லோவின் இடம். அவர் ரஷ்யாவில் செரிமானத்தை ஆராய்ந்த உடலியல் அறிஞர், 1904-இல் நோபல் பரிசு பெற்றதும் அந்த ஆய்வுக்குத்தான். உணவு வாய்க்கு வரும் முன்பே, அதோடு சேர்ந்து வந்த ஓசைக்கே நாய்க்கு எச்சில் ஊறுவதை அவர் கவனித்தார். உங்கள் மகனுக்கு நோட்டு என்பது அந்த ஓசை. வகுப்பில் எல்லோர் முன்னாலும் கிடைத்த திட்டு, தப்பான விடைக்குக் கிடைத்த சிரிப்பு, இப்படி ஏதோ ஒன்று அந்த நோட்டோடு பலமுறை சேர்ந்து வந்திருக்க வேண்டும். எச்சில் ஊறுவது நாயின் விருப்பத்தில் இல்லை. பயமும் அப்படியே. அதனால் "வேணும்னே நடிக்கிறான்" என்று வீட்டில் யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பயம் இப்படி ஒட்டிக்கொள்ளும் என்பதை 1920-இல் வாட்சன், ரேனர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் ஆல்பர்ட் என்று அவர்கள் குறிப்பிட்ட ஒரு கைக்குழந்தையிடம் காட்டினார்கள். குழந்தை வெள்ளை எலியைத் தொடும்போதெல்லாம் பின்னாலிருந்து இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்தார்கள். பிறகு எலியைப் பார்த்தாலே குழந்தை அழுதது. அந்தப் பயத்தைப் போக்காமலேயே விட்டுவிட்டார்கள் என்பதை ஒவ்வொரு முறை பாடம் எடுக்கும்போதும் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். நமக்கு அதைவிட முக்கியமானவர் மேரி கவர் ஜோன்ஸ். பல வழிகாட்டி நூல்களில் இவர் பெயரே இருக்காது. 1924-இல் வெளியான அவருடைய ஆய்வில் பீட்டர் என்ற சிறுவனுக்கு முயல் என்றால் பயம். அவனுக்குப் பிடித்த தின்பண்டம் கொடுத்து, அவன் நிம்மதியாகச் சாப்பிடும்போது முயலைத் தூரத்தில் வைத்தார். நாள்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தார். கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான்.

உங்கள் வீட்டில் செய்ய வேண்டியதும் இதேதான். ஒரு வாரம் அந்த நோட்டைத் தொடாதீர்கள். வகுப்பு ஆசிரியரிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அவன் நிம்மதியாக இருக்கும் நேரத்தில் கணக்கு தூரத்தில் வந்து போகட்டும். கடையில் மீதிச் சில்லறை எண்ணட்டும், தாயம் உருட்டட்டும், தோசையை நாலாகப் பிரிக்கட்டும். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளில் அவனுக்கு நிச்சயம் தெரிந்த இரண்டு கணக்கு. நோட்டு கடைசியில் வரட்டும்.

இனி "சரி, நாளைக்குப் போடலாம்" என்று நீங்கள் சொன்ன அந்தத் தருணத்துக்கு வருகிறேன். தேர்வில் அதிகம் பேர் தவறவிடும் எதிர்மறை வலுவூட்டல் அங்கேதான் இருக்கிறது. இதைத் தண்டனை என்று நினைத்து விடையைத் தவறாகக் குறிப்பவர்கள் ஏராளம். ஸ்கின்னரின் சொல்லாட்சியில் வலுவூட்டல் என்றாலே, செயல் கூடுகிறது என்று பொருள். ஏதாவது கிடைப்பதால் கூடினால் நேர்மறை, பிடிக்காத ஒன்று விலகுவதால் கூடினால் எதிர்மறை. தண்டனை என்பது செயலைக் குறைப்பது. உங்கள் மகன் அழுதான், நோட்டு மூடப்பட்டது, தொல்லை விலகியது. எனவே அடுத்த நாள் அழுகை கூடுகிறது. பயத்தில் தொடங்கிய அழுகை இப்போது பயனும் தருகிறது. இன்னும் ஒன்று கவனியுங்கள். நோட்டை மூடியதும் அழுகை நின்றது, உங்களுக்கு நிம்மதி. ஆக, நோட்டை மூடும் உங்கள் செயலும் அதே முறையில் வலுப்பெற்றுவிட்டது. இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. பிள்ளை அழும் எந்த வீட்டிலும் இதுதான் நடக்கிறது.

வலுவூட்டலை நிறுத்தினால் செயல் மெல்ல மறையும் என்று படித்திருப்பீர்கள். மறைவதற்கு முன் சில நாள் அது இன்னும் பலமாக வரலாம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். மூன்று நாள் உறுதியாக இருந்து நாலாம் நாள் இறங்கி வந்தால் நிலைமை முன்பைவிட மோசமாகும், ஏனென்றால் எப்போதாவது கிடைக்கும் பலன்தான் செயலை வெகுநாள் பிடித்து வைக்கிறது. ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்து வலுவூட்டும் அட்டவணைகளை, அதாவது பலன் எப்போது, எத்தனை முறைக்கு ஒருமுறை கிடைக்கிறது என்பதை, ஆராய்ந்து கண்டது இது. ஆனால் இதைப் படித்துவிட்டு, அழும் பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள். அது பயத்தைப் பெருக்கும். அந்த ஒரு வாரம் கழிந்து நோட்டு மறுபடி வந்தபின் அவன் அழுதால், அதை மூடாமல் கணக்கைச் சுருக்குங்கள். பத்து கணக்குக்குப் பதில் ஒன்று. அதையும் பாதி நீங்கள் போட்டு, மீதியை அவன் முடிக்கட்டும். முடித்த பிறகு நோட்டை மூடுங்கள். மூடுவதால் வரும் அந்த நிம்மதி அழுகையோடு சேராமல் முடித்ததோடு சேரும்.

செல்போன் ஏன் பலிக்கவில்லை? "பரிசு கொடுத்தால் உள்ளார்வம் கெடும்" என்று பலர் சொல்வார்கள். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் மழலையர் பள்ளியில் செய்த சோதனைதான் அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும். படம் வரையப் பிடித்த குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம் முன்கூட்டியே "வரைந்தால் சான்றிதழ்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு ஓய்வு நேரத்தில் இவர்கள்தான் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. நல்ல ஆய்வு, ஆனால் அது ஏற்கெனவே பிடித்த வேலையைப் பற்றியது. உங்கள் மகனுக்குக் கணக்கு பிடிக்காதே! இல்லாத ஆர்வம் எப்படிக் கெடும்? அவன் விஷயத்தில் கோளாறு வேறு என்று நினைக்கிறேன். எல்லாக் கணக்கும் சரியாக வந்தால்தான் செல்போன் என்றீர்கள். அது அவன் கைக்கு எட்டாத நிபந்தனை. ஸ்கின்னரைப் பின்பற்றுவதென்றால் சிறு படிகளுக்கு, அந்தந்த நொடியில், சிறு வலுவூட்டல் வேண்டும். நோட்டைத் தானாக எடுத்ததற்கு ஒன்று, முதல் வரி எழுதியதற்கு ஒன்று. அதுவும் செல்போனாக இருக்க வேண்டியதில்லை. "இந்த வரியில கடன் வாங்கினது சரியா இருக்கு" என்று குறிப்பாகச் சொன்னால் போதும். அவனுக்கு இப்போதே பிடித்த விஷயங்கள், படம் வரைவதோ கதை படிப்பதோ, எதிலும் பரிசைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். லெப்பர் குழுவின் எச்சரிக்கை அங்கேதான் பொருந்தும்.

அவனுக்கு எந்தக் கணக்கு எட்டும்? பியாஜே வருவது இங்கே. இளவயதில் பாரிஸில் குழந்தைகளுக்கு அறிவுத் தேர்வு நடத்தும் வேலையில் இருந்தபோது, சரியான விடைகளைவிடத் தவறான விடைகள் அவரை ஈர்த்தன. ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே மாதிரி தவறினார்கள். குழந்தையின் சிந்தனை நான்கு நிலைகளில் வளர்கிறது என்ற அவர் கொள்கையின் விதை அங்கே விழுந்தது. ஒன்பது வயது அவர் கணக்கில் மூன்றாம் நிலை. கண்ணால் பார்த்து, கையால் தொடுவதைக்கொண்டு தர்க்கமாக யோசிக்க முடியும், வெறும் குறியீடு கடினம். எனவே கழித்தலில் "கடன் வாங்குவது" புரியாவிட்டால் ஒரு பத்து ரூபாய் நோட்டைப் பத்து ஒரு ரூபாய் நாணயங்களாக மாற்றிக் காட்டுங்கள். வயது எல்லைகளைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பியாஜே நினைத்ததைவிடச் சிறு வயதிலேயே பல திறன்கள் வருவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தேர்வில் மட்டும் அவர் சொன்ன வயதையே எழுதுங்கள்.

வைகாட்ஸ்கி பியாஜே பிறந்த அதே 1896-இல் பிறந்து, 37 வயதில் காசநோயால் இறந்துபோனவர். தனியாகச் செய்ய முடிவதற்கும் துணையோடு செய்ய முடிவதற்கும் இடையே உள்ள தூரத்தை அவர் அண்மை வளர்ச்சி மண்டலம் என்றார். நீங்கள் பாதி போட்டு அவன் மீதியை முடிப்பது இதுதான். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல உதவி தந்து பிறகு விலக்கிக்கொள்வது என்ற உவமையையும் அவர் பெயரில் படித்திருப்பீர்கள். அந்தச் சொல்லை 1976-இல் வுட், புரூனர், ராஸ் என்ற மூவர் தங்கள் கட்டுரையில் கொண்டுவந்தார்கள்.

பிறரைப் பார்த்துக் கற்பதை ஆராய்ந்த பண்டூராவைப் புரிந்துகொள்ள, உங்களிடம் ஒரு கேள்வி மட்டும். "எனக்கும் சின்ன வயசுல கணக்குன்னா பயம்" என்று மகன் முன்னால் சொல்லியிருக்கிறீர்களா? ஆறுதலுக்காகத்தான் சொல்லியிருப்பீர்கள். ஆனால் 1961-இல் ஸ்டான்ஃபோர்டில் 72 குழந்தைகளிடம் அவர் குழு செய்த பொம்மைச் சோதனையில், பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் எந்தப் பரிசும் இல்லாமலே அதைப் பின்பற்றினார்கள். பயத்தையும் பார்த்துக் கற்கலாம். தேர்வுக்கு நீங்கள் போடும் கணக்குகளை அவன் பக்கத்தில் உட்கார்ந்து போடுங்கள். தப்பாக வந்தால் விடையின் மேல் கோடு போட்டுவிட்டு, "இரு, மறுபடி பார்க்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஆளுமைக் கொள்கைகளில் நேரத்தைக் குறைவாகச் செலவிடுங்கள். ஆளுமையின் மூன்று பகுதிகளாக ஃபிராய்டு சொன்ன இட், ஈகோ, சூப்பர் ஈகோவைத் தேர்வுக்காகப் படித்துக்கொள்ளுங்கள். மகனின் கணக்குப் பயத்துக்கு நனவிலியில் காரணம் தேடப் போக வேண்டாம். அவருடைய பல கருத்துகள் சோதித்துப் பார்க்க முடியாதவை. மனிதரின் வாழ்நாள் வளர்ச்சிக்கு எரிக்சன் சொன்ன எட்டு நிலைகளில் நான்காவது உங்கள் மகனுடையது. பள்ளி வயதில் "என்னால் முடியும்" என்ற முனைப்பு வளராவிட்டால் தாழ்வுணர்ச்சி தங்கும் என்கிறார்.

பெயர்கள் மாறிப்போவதற்கு ஒரு வழி சொல்கிறேன். மறுபடி மறுபடி படிப்பதை நிறுத்துங்கள். 2006-இல் ரோடிகரும் கார்ப்பிக்கியும் மாணவர்களுக்கு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு அதிகம் நினைவிருந்தது. நீங்கள் நாலு முறை படித்தது போதும். புத்தகத்தை மூடிவிட்டு ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த உயிர், என்ன செய்தார்கள், என்ன கேள்வி. நாய், ஓசை, எச்சில் என்றால் பாவ்லோவ். பூனை, புதிர்ப்பெட்டி, முயன்று தவறுதல் என்றால் தார்ண்டைக். சிம்பன்சி, இரண்டு குச்சி, திடீரென வந்த உட்காட்சி என்றால் கோஹ்லர். விட்டுப்போனதை மட்டும் புத்தகத்தில் பாருங்கள். அடுத்த நாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி எழுதுங்கள். 150 மதிப்பெண்ணில் இந்தப் பகுதிக்கு 30 என்பதால் தினமும் அரை மணி நேரம் போதும்.

கடைசியாக மகனைப் பற்றி ஒன்று. இரண்டு மூன்று மாதம் இப்படிச் செய்தும், பயம் தணிந்த பிறகும், 37 பெரிதா 73 பெரிதா என்று தடுமாறினாலோ, ஒற்றை இலக்கக் கூட்டலுக்கும் ஒவ்வொரு முறையும் விரல்விட்டு எண்ணினாலோ, அது கணிதக் கற்றல் குறைபாடாக இருக்க வாய்ப்பு உண்டு. அதற்கு முறையான சோதனை தேவை. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவிலோ மனநலப் பிரிவிலோ காட்டுங்கள். போகும்போது அவனுடைய பழைய கணக்கு நோட்டுகளைத் திருத்தாமல் அப்படியே எடுத்துச் செல்லுங்கள், அவன் எங்கே எப்படித் தவறுகிறான் என்பதை அவர்கள் முதலில் பார்க்க விரும்புவார்கள்.