பெரிய வீடா, பூங்கா பக்கத்து வீடா?

தம்பி, இரண்டு வீடு பார்த்து வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஒன்று விசாலமானது, ஆனால் பூங்காவுக்கு பஸ் பிடிக்க வேண்டும். இன்னொன்றில் ஓர் அறை குறைவு, கீழே இறங்கினால் பூங்கா. ஆறு வயது மகளை நினைத்து எதை எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். யோசிக்கவே வேண்டாம், பூங்கா பக்கத்து வீட்டை எடுங்கள்.

வெளிநாட்டில் இரண்டு பிள்ளைகளை வளர்த்த அக்காவாகச் சொல்கிறேன். புது இடத்தில் நாம் கூட்டிப் போனால்தான் பிள்ளைக்கு வெளிக்காற்று. பஸ் ஏறிப் போகும் பூங்கா சனி ஞாயிறோடு சரி. நடந்து போகிற தூரம் என்றால் வேலை முடிந்து அலுத்து வந்த நாளிலும் அரைமணி நேரம் போய் வருவீர்கள். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரக் கடைசியை மட்டும் நம்பி அந்தக் கணக்கை எட்டுவது கடினம்.

ஓட்டம், எடை, தூக்கம் எல்லாம் உங்களுக்கே தெரியும். பலரும் கவனிக்காதது கண். சீன வம்சாவளிக் குழந்தைகளை, 6, 7 வயதினரை, சிங்கப்பூரிலும் சிட்னியிலும் ஒப்பிட்டு 2008இல் ஓர் ஆய்வு வந்தது. சிங்கப்பூரில் 29 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3 சதவீதம்தான். பெற்றோரின் கிட்டப்பார்வை இரண்டு ஊரிலும் ஏறத்தாழ ஒரே அளவு. சிட்னிப் பிள்ளைகள் புத்தகம் குறைவாகப் படித்தவர்களும் அல்ல. பெரிய வித்தியாசம் வெளியில் இருந்த நேரத்தில்தான்: வாரத்துக்குச் சுமார் 14 மணி நேரம், சிங்கப்பூரில் 3. குடிபெயர்ந்த குடும்பங்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரே வம்சாவளிப் பிள்ளைகள்தான், வளரும் இடமும் பழக்கமும் கண்ணையே மாற்றிவிடுகின்றன.

காரணம் வெளிச்சம் என்று கருதுகிறார்கள். வீட்டு விளக்கு தருவது சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). மேகம் மூடிய பகலில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். அந்த வெளிச்சத்தில் விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரந்து, கிட்டப்பார்வைக்குக் காரணமாகும்படி கண்கோளம் அளவுக்கு மீறி நீள்வதைத் தடுக்கிறது. அதனால் மகள் ஓடாமல் மணலில் உட்கார்ந்து விளையாடினாலும் கண்ணுக்கு நல்லதுதான். ஏற்கெனவே கண்ணாடி போட்டிருந்தால் பூங்காவை மட்டும் நம்பாமல் கண் மருத்துவரிடமும் காட்டுங்கள்.

மனசுக்கும் இது பெரிய துணை. டென்மார்க்கில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்து 2019இல் வெளியான ஆய்வில், பசுமை குறைந்த இடத்தில் வளர்ந்தவர்களுக்குப் பின்னாளில் மனநலச் சிக்கல்கள் அதிகம் என்று தெரிந்தது. குடும்ப வருமானத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை. அதோடு, பள்ளியில் பாஷை தெரியாமல் வாயடைத்து நிற்கிற பிள்ளைக்குச் சறுக்குமரத்தில் வரிசையில் நிற்கப் பாஷை தேவையில்லை. முதல் சிநேகிதம் அங்கேதான் பிடிக்கும்.

குளிருக்குப் பயப்படாதீர்கள். மழைக் காலணியும் நல்ல மேல்சட்டையும் முதல் மாதமே வாங்கிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு சாயங்காலம் மகளையும் கூட்டிக்கொண்டு வீட்டு வாசலிலிருந்து பூங்கா வரை நடந்து பாருங்கள். நடுவில் பெரிய சாலை குறுக்கிடுகிறதா, அங்கே மற்றப் பிள்ளைகள் விளையாடுகிறார்களா என்று பாருங்கள். சாலை கடப்பது சிரமமாக இருந்தால் எழுதுங்கள், சேர்ந்து வேறு வீடு தேடலாம்.