மொரீஷியஸில் நம்ம சாப்பாடு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மே மாதம் குடும்பத்தோடு மொரீஷியஸ் போகிறோம். டிராவல்ஸ்காரர் கொடுத்த திட்டத்தில் தினமும் இரவு 'இந்திய உணவு' என்று போட்டிருக்கிறது. பனீருக்கும் நானுக்குமா கடல் தாண்டிப் போவது என்று எனக்கு இருக்கிறது. என் கணவரோ, "அங்கே பாதிக்கு மேல் நம்மவர்கள்தானே, நம்ம சாப்பாட்டையே சுமாராகச் செய்வார்கள், அதற்கு ஓட்டல் பஃபேயே மேல்" என்கிறார். மாமியார் சுத்த சைவம், முட்டைகூட ஆகாது. அவருக்காகப் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் தயாராகிக்கொண்டிருக்கின்றன. நாங்கள் இருவரும் மீன், இறைச்சி சாப்பிடுவோம். அந்தத் தீவுக்கென்று ஒரு சாப்பாடு இருக்கிறதா? எங்கே தேடுவது?

ஆர்.,
செம்பூர், மும்பை

அன்புள்ள ஆர்.,

இரவு பனீரை மாற்ற முடியாவிட்டால் விடுங்கள். அந்தத் தீவின் சாப்பாடு பகலில், தெருவிலும் சந்தையிலும்தான் இருக்கிறது. காலை ஓட்டலில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பாமல் இருந்தால் போதும்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. மக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்திய வம்சாவளிதான். ஆனால் போனவர்கள் யாரும் ஊர்ச் சமையலறையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. மனிதர் குடியில்லாமல் கிடந்த தீவு அது. 1639-இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கரும்பையும் மானையும் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் காலத்தில், 1730-களிலேயே, போர்ட் லூயிஸ் நகரத்தைக் கட்டப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் போய்விட்டார்கள். ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் 1834 முதல் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள் இறங்கினார்கள். போஜ்புரி பேசும் பீகார் பக்கத்தவர்கள் அதிகம். அடுத்து தமிழர், தெலுங்கர். உங்கள் ஊர்த் துறைமுகம் வழியாக மராத்தியரும் போனார்கள். மாதம் ஐந்து ரூபாய் சம்பளம், கூடவே அரிசி, பருப்பு, உப்பு என்று படி அளந்தார்கள். நிலமெல்லாம் கரும்பு என்பதால் அரிசி கப்பலில்தான் வந்தது, இன்றும் அப்படித்தான் வருகிறது. கையில் காசில்லாத நாளில் தெருமுனைச் சீனர் கடை கடன் கொடுத்தது. படியில் வந்ததையும் கடையில் கிடைத்ததையும் வைத்துச் சமைத்தார்கள். அப்புறம் ஒருவர் சமையலை இன்னொருவர் எடுத்துக்கொண்டார்கள். இந்த இரண்டாவது காரியத்தில் நாம் கொஞ்சம் கஞ்சர்கள்.

தால் பூரியையே பாருங்கள். வேகவைத்த பருப்பைக் குழையவிடாமல் பொடியாக அரைத்து, மஞ்சளும் சீரகமும் சேர்த்து, மைதா மாவுக்குள் பூரணமாக வைத்து, கிழியாமல் மெலிதாகத் தேய்த்துத் தட்டைக்கல்லில் எண்ணெய் தடவிச் சுடுவது. பேர்தான் பூரி, பொரிப்பதில்லை. பீகார்க்காரர் பண்டம்தான். ஆனால் அதன்மேல் தடவித் தரும் பெரிய அவரைக்கொட்டைக் கறியும், ருகாய் என்கிற தக்காளிக் குழம்பும், மிளகாய் விழுதும் சேர்ந்தபோது அது வேறொன்றாகிவிட்டது. ஜோடியாகத்தான் தருவார்கள், தாளில் சுருட்டி. ஆப்பிரிக்க வம்சாவளிக் கிரியோல்காரரும் சீனரும் முஸ்லிமும் ஒரே வரிசையில் நின்று வாங்குகிறார்கள். உங்கள் மாமியாரும் நிற்கலாம்.

காத்தோ பிமாங் என்று குட்டியாக ஒன்று விற்பார்கள். நம்ம பருப்பு வடைதான், வெங்காயத்தாளும் மிளகாயும் போட்டது. அதை வெண்ணெய் தடவிய பிரெஞ்சு ரொட்டிக்குள் வைத்துக் காலையில் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். தாதர் ஸ்டேஷன் வாசலில் வடாபாவைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தமிழர் பங்கு என்ன என்று கேட்பீர்கள். கல்யாணத்திலும் தைப்பூசக் காவடி முடிந்தபிறகும் வாழையிலை போட்டு 'செத் காரி', அதாவது ஏழு கறி, பரிமாறுகிறார்கள். பூசணி, வாழைக்காய், பலாக்காய், கத்திரிக்காய், கீரை என்று வரிசையாக வரும், ரசமும் உண்டு. காவடிக்கு அங்கே அரசு விடுமுறை. நீங்கள் போவது மே மாதம் என்பதால் அந்தப் பந்தி கிடைக்காது. ஓட்டல்களில் எப்போதாவது 'தமிழ் விருந்து' என்று வைப்பதை நம்பி அலையவும் வேண்டாம். விரதம் முடித்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு அது, தட்டுக்கு விலை போட்டால் சுவை இறங்கிவிடுகிறது. அதற்குப் பதில் முருங்கைக்கீரைச் சாறு எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். சோற்றோடு அதையும், வறுத்த தேங்காயில் புளியும் புதினாவும் சேர்த்து அரைத்த துவையலையும் வைத்துத் தருவார்கள். பருப்புப்பொடி டப்பா மூடியபடியே திரும்பி வரும்.

மாமியார் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கீரையிலும் ருகாயிலும் கருவாடோ உலர்ந்த இறாலோ போடுகிற பழக்கம் உண்டு. சீனர் கடை நூடுல்ஸில் முட்டை சகஜம், சிப்பி சாஸும் இருக்கலாம். 'சான் லவியான், சான் ப்வாஸோன், சான் டிஸெஃப்' என்று அந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். கறி, மீன், முட்டை வேண்டாம் என்று பொருள். தாகத்துக்கு ஆலூதா இருக்கிறது: பால், சப்ஜா விதை, கடற்பாசி. உங்கள் ஊர் ஃபலூதாவுக்கு நெருங்கிய சொந்தம். ஆனால் சேமியாவை அடைத்து ஸ்பூனால் சாப்பிடும்படி செய்வதில்லை, குடிக்கலாம்.

உங்கள் இருவருக்கும் விந்தாய். பொரித்த மீனைக் கடுகு, மஞ்சள், பூண்டு, வினிகரில் ஊறவைத்தது. கோவாவின் விந்தாலுவும் இதுவும் போர்த்துகீசிய வழியில் வந்த பங்காளிகள். ஆனால் இதில் கடுகுதான் முன்னால் நிற்கும். மறுநாள் சாப்பிட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்பதால் ரொட்டிக்குள் வைத்துக் கடற்கரைக்கு எடுத்துப் போகிறார்கள். கணவாய்க்குச் சொந்தக்காரனான எட்டுக்கால் ஆக்டோபஸிலும் செய்வார்கள், பயப்படாமல் கேளுங்கள். டச்சுக்காரர் விட்ட மானின் வம்சம் இன்னும் கறியாகிக்கொண்டிருக்கிறது, அதையும் ஒருமுறை பார்க்கலாம்.

தேடுவது எங்கே என்று கேட்டிருந்தீர்கள். போர்ட் லூயிஸ் மத்தியச் சந்தை ஒன்று. தெற்கே மாஹேபூரில் திங்கள்கிழமைச் சந்தை கூடும். விமான நிலையத்துக்குப் பக்கம்தான். திங்களன்று இறங்குவதாக இருந்தால் டிரைவரிடம் நேராக அங்கே விடச் சொல்லுங்கள், ஆனால் மத்தியானத்துக்குள். தால் பூரி வண்டிக்காரர்கள் மாவு தீர்ந்ததும் கல்லைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.