அந்த அண்ணனின் பெயர் என்ன?

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மூன்று மாதத்துக்கு முன்னால், ஒரு சந்தையில் குண்டு வெடித்துப் பலர் இறந்த செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். "அவர்களுக்கும் வலி தெரியட்டும்" என்றான். ஆடிப்போய்விட்டேன். அன்றிலிருந்து பயங்கரவாதம் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். ஒருவர் வறுமை என்கிறார், ஒருவர் மதம் என்கிறார், இன்னொருவர் மனநோய் என்கிறார். ஒருவருக்குப் பயங்கரவாதி இன்னொருவருக்குப் போராளி என்றும் சொல்கிறார்கள். எடுத்துச் சொன்னால், "அமைதியாகக் கேட்டவனுக்கு எப்போது என்ன கிடைத்தது?" என்பான். இப்போது அதுவும் இல்லை, பேச்சே நின்றுவிட்டது. வீட்டில் அவனுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. கெட்ட பழக்கம் கிடையாது. சாயங்காலம் யாரோ ஓர் அண்ணன் வண்டியில் வந்து கூட்டிப்போவார், இரவு கொண்டுவந்து விட்டுவிடுவார், அவ்வளவுதான். பயங்கரவாதத்தின் உண்மையான காரணம் என்ன என்று நீங்கள் விளக்கினால் அவனிடம் பேச எனக்கு உதவியாக இருக்கும்.
— ஒரு தந்தை

பதில்:

ஐயா, உங்கள் கடிதம் ஆறு பக்கம். இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். முழுக் கடிதத்தில் நாடுகள், இயக்கங்கள், தலைவர்கள் என்று எத்தனை பெயர்கள் வருகின்றன என்று எண்ணிப் பார்த்தேன். இருபத்து மூன்று. ஒரு பெயர்தான் இல்லை. தினமும் உங்கள் வாசலில் வண்டியை நிறுத்தி உங்கள் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிறாரே, அவருடைய பெயர்.

"யாரோ ஓர் அண்ணன்." மூன்று மாதமாக உலகத்தையே படித்த உங்களுக்கு வாசல்வரை நடக்க நேரம் கிடைக்கவில்லை.

இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. மொழி மாறும், மதம் மாறும், கொடியின் நிறம் மாறும். "எந்தக் குறையும் வைக்கவில்லை" என்ற வரி மட்டும் மாறாது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு "யாரோ"வும் இருப்பார். யாரோ ஓர் அக்கா, யாரோ ஒரு சார், இணையத்தில் பழக்கமான யாரோ.

சரி, கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு அண்ணனிடம் வருகிறேன்.

வறுமைதான் காரணம் என்றால் கணக்கு உதைக்கிறது. ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் 1881-இல் குண்டுவீச்சில் கொல்லப்பட்டார். குண்டு வீசுகிறவர்களுக்குக் கைக்குட்டையை அசைத்துச் சைகை கொடுத்தவர் சோஃபியா பெரோவ்ஸ்கயா. அதே தலைநகருக்கு ஒரு காலத்தில் ஆளுநராக இருந்தவரின் மகள். அலன் குரூகர், யிட்கா மலெச்கோவா என்ற இருவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், சண்டையில் இறந்த, லெபனானின் ஆயுத இயக்கமான ஹிஸ்புல்லாவின் ஆட்கள் 129 பேரின் பின்னணியைப் பார்த்தார்கள். லெபனான் மக்களோடு ஒப்பிட்டால் அவர்களிடம் வறுமை சற்றுக் குறைவு, படிப்பு சற்றுக் கூடுதல். ஏழைகள்தான் குண்டு வைப்பார்கள் என்பது வசதியானவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதல். நீங்கள் "குறை வைக்கவில்லை" என்று எழுதியதும் அந்த ஆறுதலில்தான்.

மனநோயும் இல்லை. மார்த்தா கிரென்ஷா என்ற அரசியல் ஆய்வாளர் 1981-இலேயே எழுதிவிட்டார்: இவர்களிடம் பொதுவாகத் தென்படுவது இவர்கள் சாதாரண மனிதர்களாக இருப்பதுதான் என்று.

மதமா? இத்தாலியின் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவை 1978-இல் கடத்திக் கொன்ற சிவப்புப் படையினர் என்ற இடதுசாரி ஆயுதக் குழு சாமி பெயரைச் சொல்லி அதைச் செய்யவில்லை, புரட்சியின் பெயரைச் சொன்னார்கள். அதற்காக மதத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நழுவவும் முடியாது. ஏற்கெனவே ஒரு காயம் இருக்கிற இடத்தில், கொலையைப் புனிதமாக்கும் சொற்களை மதம் கொடுத்திருக்கிறது. இனம், மொழி, வர்க்கம், தேசம் எல்லாமும் அதே சொற்களைக் கொடுத்திருக்கின்றன.

போராளி, பயங்கரவாதி வாதத்துக்கு நான் அதிக நேரம் தரமாட்டேன். பயங்கரவாதத்துக்கு எதிரான ஒப்பந்தங்களை எழுத ஐக்கிய நாடுகள் சபை 1996-இல் குழு அமைத்தது. பொது வரையறை தரும் ஒப்பந்தம் மட்டும் இன்னும் கையெழுத்தாகவில்லை. விடுதலைப் போராட்டத்தை என்ன செய்வது, அரசின் படைகளை என்ன செய்வது என்ற இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தத் தயக்கத்தில் நியாயமும் உண்டு, ஏனென்றால் பயங்கரவாதத்தைக் குறிக்கும் "டெரரிசம்" என்ற சொல்லே 1793, 94-இல் பிரெஞ்சு அரசு தன் மக்கள் மீது அவிழ்த்துவிட்ட கொலைகளிலிருந்து வந்தது. ஆனால் உங்கள் பிள்ளை சொன்னது சந்தையைப் பற்றி. வாங்கவும் விற்கவும் போனவர்கள் எந்தக் கட்சி? அவனிடம் இதைக் கேட்டீர்களா? இல்லை, எனக்கு எழுதினீர்கள்.

இப்போது அண்ணனுக்கு வருவோம்.

மார்க் சேஜ்மன் மனநல மருத்துவர், அமெரிக்க உளவுத்துறையிலும் வேலை பார்த்தவர். அல்-கொய்தாவோடு பிணைந்த வலைப்பின்னலைச் சேர்ந்த 172 பேரின் வாழ்க்கையைத் தோண்டி 2004-இல் நூலாக எழுதினார். மூளைச்சலவை செய்யும் ஓர் ஆள் வந்து பிடித்துக்கொண்டு போவான் என்றுதானே நாமெல்லாம் நினைக்கிறோம்? அவர் பார்த்தது வேறு. பெரும்பாலானவர்கள் நண்பன் வழியாகவோ உறவினன் வழியாகவோ உள்ளே போயிருந்தார்கள். முதலில் ஒன்றாக உட்கார்ந்தார்கள், ஒன்றாகச் சாப்பிட்டார்கள், ஒருவருக்காக ஒருவர் என்று ஆனார்கள். கொள்கையெல்லாம் அப்புறம்தான் கெட்டிப்பட்டது. வெளியே வருவது என்றால் கொள்கையை மட்டும் விட்டால் போதாது, நண்பனையும் விட வேண்டும். அதுதான் கஷ்டம்.

உங்கள் பிள்ளை அவரை "அண்ணா" என்று கூப்பிடுகிறான். அந்த வார்த்தை சும்மா வாயில் வராது. கூடப்பிறந்த அண்ணன் அவனுக்கு இருக்கிறானா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இந்த இடம் எப்படிக் காலியானது? இல்லையென்றால் அந்த இடத்தை நிரப்ப அப்பாவான நீங்கள் என்ன செய்தீர்கள்? சோறும் கல்லூரிக் கட்டணமும் குறைவில்லாமல் கொடுத்திருப்பீர்கள். பிள்ளை வளர்ப்பில் சுலபமான பாதி அது. அவன் பேச்சை ஒருவர் தினமும் இரண்டு மணி நேரம் காது கொடுத்துக் கேட்கிறார். அந்த ஒருவர் நீங்கள் இல்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பதறிப்போய் அந்த ஆள் மேல் பாய்ந்துவிடாதீர்கள். அவர் பந்து விளையாடக் கூட்டிப்போகிறவராக இருக்கலாம், உங்கள் பையனை நிதானத்துக்குக் கொண்டுவரப் பாடுபடுகிறவராகக்கூட இருக்கலாம். கோபப்பட்டுப் பேசுகிற பிள்ளைகளில் மிகச் சிலரைத் தவிர யாரும் குண்டு பக்கம் போவதில்லை. யார் போவார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லவும் யாராலும் முடியாது. அதனால்தான் தெரிந்துவைத்திருங்கள் என்கிறேன்.

தெரிந்துகொள்ள முடியும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. பால் கில் என்பவரும் அவருடைய சகாக்களும், தனியாளாகப் பயங்கரவாதத்தில் இறங்கிய 119 பேரை ஆராய்ந்து 2014-இல் எழுதினார்கள். ஏறத்தாழ 64 சதவீதம் பேர் விஷயத்தில், அந்த ஆளே வாய்விட்டுச் சொல்லி, குடும்பத்துக்கோ நண்பர்களுக்கோ அவன் நோக்கம் முன்பே தெரிந்திருந்தது. தனியாளாகப் போனவர்களே சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். உங்கள் பையனும் ஒரு வாக்கியம் சொன்னான். நீங்கள் ஆடிப்போனீர்கள், புத்தகம் வாங்கினீர்கள். "யாருக்கு வலி தெரியவேண்டும், உனக்கு எங்கே வலிக்கிறது?" என்று கேட்கவில்லை.

கேட்டிருக்கவேண்டும். ஐ.நா. வளர்ச்சித் திட்டம் ஆப்பிரிக்காவில், ஆயுதக் குழுக்களில் தானாகச் சேர்ந்தவர்களிடம் பேசி 2017-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கடைசியாக உங்களை அந்தப் பக்கம் தள்ளியது எது என்ற கேள்விக்கு, 71 சதவீதம் பேர் அரசின் நடவடிக்கையைச் சொன்னார்கள். உறவினரையோ நண்பரையோ கொன்றது, பிடித்துக்கொண்டு போனது இப்படி. நெடுநாள் புழுக்கம் ஒன்று உள்ளே இருக்கிறது, அதன் மேல் ஓர் அவமானம் விழுகிறது, பக்கத்தில் ஓர் அண்ணன் இருக்கிறார். நீங்கள் தேடும் "உண்மையான காரணம்" ஒற்றைப் பொருளாக எங்கும் கிடையாது. இந்த மூன்றும் எந்த வரிசையில் யாருக்கு வந்து சேர்கின்றன என்பதுதான் விஷயம். உங்கள் பையனுக்கு என்ன அவமானம் நடந்தது? கல்லூரியிலா, தெருவிலா, வீட்டிலேயா? ஆறு பக்கத்தில் அது இல்லை.

அவன் கோபம் நியாயமாகவே இருக்கலாம். அதை மறுத்துப் பேசினால் நீங்கள் தோற்பீர்கள். "அமைதியாகக் கேட்டவனுக்கு என்ன கிடைத்தது?" என்கிறானே, அதற்குப் பதில் இருக்கிறது. 1968 முதல் 2006 வரை இயங்கிய 648 பயங்கரவாதக் குழுக்களை ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஆராய்ந்தது. முடிவுக்கு வந்த குழுக்களில், நினைத்ததை அடைந்து முடிந்தவை பத்தில் ஒன்றுதான். அதிகமானவை, 43 சதவீதம், அரசியலுக்குள் வந்து முடிந்தன. ராணுவம் அடக்கி முடிந்தவை வெறும் 7 சதவீதம், இதை "சுட்டுத் தள்ளு" என்று சொல்லும் உங்கள் நண்பர்களிடமும் சொல்லுங்கள். பையனுக்கு எண்களைப் பிடிக்கும் வயது. எண்களோடு வாதிடட்டும், உங்களோடு வாதிடட்டும். வாதம் நின்றதுதான் எனக்குக் கவலை. செல்பேசியைப் பிடுங்குவது, அடிப்பது, வீட்டைவிட்டுப் போ என்பது, இதில் எதைச் செய்தாலும் அவனை நீங்களே அந்த வண்டியில் ஏற்றி அனுப்புகிறீர்கள்.

கேட்ட பிறகு, திட்டம், ஆயுதம், ஆள், தேதி என்று ஏதாவது வெளிவந்தால்?

அமெரிக்காவில் 1978 முதல் 1995 வரை தபாலில் குண்டு அனுப்பியும் நேரில் வைத்தும் 3 பேரைக் கொன்று 23 பேரைக் காயப்படுத்தியவர் டெட் கசின்ஸ்கி, முன்னாள் கணிதப் பேராசிரியர். அவருடைய கொள்கை அறிக்கையை 1995-இல் நாளிதழ் அச்சிடுவதற்கு முன்பே, இது உன் அண்ணனாக இருக்குமோ என்று முதலில் சந்தேகப்பட்டது தம்பி டேவிட்டின் மனைவி. அறிக்கை வெளிவந்ததும் டேவிட் அண்ணனின் பழைய கடிதங்களை எடுத்து வைத்து ஒப்பிட்டார், சொற்கள் ஒத்துப்போயின. வழக்கறிஞர் மூலம் விசாரணையாளர்களிடம் போனார். அண்ணனுக்கு மரண தண்டனை கூடாது என்று கடைசிவரை போராடியதும் அவர்தான். டெட்டுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. தம்பியை அவர் மன்னிக்கவே இல்லை.

குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தான் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அடுத்த பொட்டலத்தைப் பிரிக்கவிருந்தவரும் ஒரு வீட்டுப் பிள்ளை. உங்கள் மானத்துக்காக அடுத்தவர் பிள்ளை சாகக் கூடாது. அந்த நிலை வந்தால் வழக்கறிஞரைக் கூட்டிக்கொண்டு காவல்துறைக்குப் போங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிள்ளை கூடவே நில்லுங்கள், வழக்கு முடியும்வரை நில்லுங்கள். இரண்டும் அப்பாவின் வேலைதான்.

அதற்கெல்லாம் முன்னால், இன்று சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்கும். புத்தகத்தை மூடிவிட்டு வாசலுக்குப் போங்கள். அவரை உள்ளே வந்து உட்காரச் சொல்லுங்கள். பெயர், வேலை, வீடு எல்லாம் விசாரியுங்கள், பெரியவர்கள் விசாரிப்பது வழக்கம்தானே. உட்கார்ந்தால் நல்லது. வாசலோடு நழுவினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், மறுநாளும் கூப்பிடுங்கள். அந்தப் பெயரை எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தால் போதும்.